குமுட்டி அடுப்பிலிருந்து கேஸ் பட்டன் வரை: கரியைப் பற்றவைத்த கதை



போன மாதம் ஓமலூர் வெல்லத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு தம்பி போன் செய்தான். பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்தில் கிரில் சிக்கன் கடை வைத்திருக்கிறான். கடையில் வேலை செய்யும் பையன் கரி சீக்கிரம் பிடிக்கட்டும் என்று பெட்ரோலை ஊற்றியிருக்கிறான். குப்பென்று பிடித்து வலது கை வெந்துவிட்டது. பையன் தேறி வருகிறான், பயமில்லை. "டீச்சர், கரி அடுப்பிலேயே கேஸ் பர்னர் வைத்துப் புதுசாக வருகிறதாம். பட்டனை அமுக்கினால் கேஸ் எரிந்து கரியைப் பற்றவைத்துவிடுமாம். பழைய அடுப்பை மாற்றிவிடலாமா? நீங்கள்தான் அமெரிக்காவில் பார்த்துவிட்டு வந்திருப்பீர்களே" என்று கேட்டான்.

பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் இதற்குப் போனில் பதில் சொல்லி முடியாது. கரி அடுப்பின் வரலாற்றைக் கொஞ்சம் உட்கார்ந்து யோசித்தால் ஒன்று புரிகிறது. அடுப்பு மாறியிருக்கிறது, ஊர் மாறியிருக்கிறது, ஆனால் கரி அன்று எப்படி எரிந்ததோ அப்படியேதான் இன்றும் எரிகிறது. மாறியதெல்லாம் அதைப் பற்றவைக்கும் விதமும், யார் மூச்சைக் கொடுத்துப் பற்றவைக்கிறார்கள் என்பதும்தான்.

முதலில் கரி ஏன் பிடிக்க மாட்டேன் என்கிறது? விறகில் ஈரமும், சூடேறினால் ஆவியாகிற பொருள்களும் நிறைய உண்டு. நாம் பார்க்கிற சுடர் அந்த ஆவி எரிவதுதான். மூட்டம் போடும்போதே அதெல்லாம் வெளியேறி, பெரும்பாலும் கார்பன் மட்டும் மிஞ்சுவதுதான் கரி. ஆகவே சுடர் எழ அதில் அதிகம் ஒன்றுமில்லை. துண்டே சூடேறிச் சிவந்து கங்கானால்தான் வேலை நடக்கும். பிடிக்க நேரமாகும், பிடித்துவிட்டால் விடாது. ஒரு கிலோ விறகு சுமார் 3,500 முதல் 4,000 கிலோ கலோரி வெப்பம் தரும் என்றால், ஒரு கிலோ நல்ல கரி 7,000 வரை தரும். புகையும் குறைவு. அதனால்தான் சமையலுக்கும் பட்டறைக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் கரியைத் தேடினார்கள். கஷ்டம் முதல் இருபது நிமிஷத்தில்தான்.

எங்கள் வீட்டில் இரும்புக் குமுட்டி ஒன்று இருந்தது. இன்றைய பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: வாளி மாதிரி ஒரு அடுப்பு, நடுவில் ஓட்டை போட்ட தட்டு, தட்டின் மேல் கரி, கீழே காற்றுப் போக ஒரு வாய். சாம்பலும் அந்த வாய் வழியாகத்தான் வரும். நீங்கள் இப்போது மொட்டை மாடியில் வைத்திருக்கிற வெளிநாட்டு கிரில்லின் அடியிலும் இதே தட்டும் இதே வாயும்தான் இருக்கின்றன, குனிந்து பாருங்கள். காலையில் விறகடுப்பு எரிந்து முடிந்ததும் அம்மா கொள்ளிக்கட்டைகளைத் தண்ணீர் தெளித்து அணைத்துக் கரியைச் சேர்த்து வைப்பார். மாலையில் அந்தக் கரியைக் குமுட்டியில் போட்டு, தேங்காய் நாரை ஒரு சுருட்டுச் சுருட்டி, சீமெண்ணெயில் தொட்டுக் கீழே செருகிப் பற்றவைப்பார். பிறகு பனையோலை விசிறியால் விசிற வேண்டும். அந்த வேலை எனக்கும் என் தங்கைக்கும். விசிறி விசிறிக் கை ஓய்ந்து, ஊதாங்குழலை எடுத்து ஊதுவோம். சாம்பல் கண்ணில் விழும். "ஓரமா நின்னு ஊது கண்ணு" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார்.

அம்மாவிடம் ஒரு யுக்தி இருந்தது. அடி கழன்ற டால்டா டப்பாவை எடுத்து, புகைகிற கரியின் மேல் செங்குத்தாக நிறுத்திவிடுவார். டப்பாவுக்குள் சூடான காற்று மேலே ஏறும், அது ஏற ஏற அடியிலிருந்து புதுக்காற்று தானாக உள்ளே வரும். பத்து நிமிஷத்தில் உள்ளே "உஸ்" என்று சத்தம் கேட்கும். விசிறவே வேண்டியதில்லை. இந்த டப்பாவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

தீப்பெட்டி வருவதற்கு முந்தைய கதையை அம்மாயி சொல்லிக் கேட்டிருக்கிறேன். சாயங்காலம் யார் வீட்டுக் கூரையில் புகை தெரிகிறதோ அவர்கள் வீட்டுக்குக் கொட்டாங்குச்சியை எடுத்துக்கொண்டு போய் இரண்டு கங்கு வாங்கி வருவார்களாம். வரும் வழியில் அணையாமல் இருக்க அதன்மேல் சாம்பலைத் தூவிக்கொள்வார்கள். இரவில் அடுப்பில் ஒரு வறட்டியைப் புதைத்து வைத்தால் விடியும்வரை நெருப்பு உயிரோடு இருக்கும். இங்கிலாந்தில் ஜான் வாக்கர் என்ற மருந்துக்கடைக்காரர் உரசினால் பற்றும் தீக்குச்சியை விற்கத் தொடங்கியது 1827இல். நம் பக்கம் வெகுகாலம் வெளிநாட்டுத் தீப்பெட்டிதான். சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுக்கொண்டு வந்து 1923இல் தொழிற்சாலை தொடங்கிய பிறகுதான் கதை மாறியது. பட்டாசுக்கு முன்னால் சிவகாசிக்குப் பெயர் கொடுத்தது தீப்பெட்டி. அது வந்ததும் கங்கு கடன் வாங்கும் பழக்கம் மெல்ல நின்றது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தீக்குச்சி நாரைப் பற்றவைக்கும், கரியைப் பற்றவைக்காது. ஊதுகிற வேலை அப்படியே நின்றது.

நம் சேலத்துக்கும் கரிக்கும் உள்ள உறவு அடுப்போடு முடிவதில்லை. கஞ்சமலையின் இரும்புத் தாதுவை நம் ஊர்க்காரர்கள் மண் உலையில் கரி போட்டுத் துருத்தி ஊதித்தான் காலங்காலமாக இரும்பாக்கினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இதைப் பார்த்து, பெரிய அளவில் செய்யலாம் என்று 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார். தாது சேலத்துத் தாது. எரிபொருள் மரக்கரி. இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி 1709இலேயே நிலக்கரியிலிருந்து செய்த கோக்கைக் கொண்டு இரும்பு உருக்கிக் காட்டிவிட்டார். இங்கே அதற்கேற்ற நிலக்கரி பக்கத்தில் இல்லை, ஆகவே காட்டை வெட்டினார்கள். ஒரு டன் இரும்புக்குப் பல டன் கரி வேண்டும். கரிக்காக வண்டிகள் மேலும் மேலும் தூரம் போக வேண்டியிருந்தது. அந்த முயற்சி நிலைக்காமல் போனதற்குப் பல காரணங்கள் சொல்வார்கள். கரி கிடைக்காமல் போனதும் அவற்றில் ஒன்று.

துருத்தி என்றதும் செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் ஞாபகத்துக்கு வருகின்றன. வெள்ளி உருக 962 டிகிரி செல்சியஸ் வேண்டும். கரி உலையில் மூசையை வைத்து, ஒருவர் துருத்தி போட, ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார். கண்ணிகளை இணைக்க விளக்குச் சுடரை ஊதுகுழலால் ஊதி ஊதிப் பற்றவைப்பார்கள். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நான் பாடம் நடத்தியிருக்கிறேன். கன்னம் உப்பியிருக்கும், மதியத்துக்கு மேல் கண் சொக்கும். தூங்குகிறான் என்று சில ஆசிரியர்கள் அடிப்பார்கள். எனக்கு அடிக்க மனம் வராது. இன்று அந்த வேலைக்கு கேஸ் டார்ச் வந்துவிட்டது. யார் என்ன சொன்னாலும், அதை நான் முன்னேற்றம் என்றுதான் சொல்வேன்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு, ரேஷன். பஸ்கள் ஓட வேண்டுமே? கரியில் ஓட்டினார்கள்! பஸ்ஸின் பின்பக்கம் ஆளுயர உருளை ஒன்றைப் பொருத்தி, அதில் கரியைப் போட்டுப் பற்றவைப்பார்கள். காற்றைக் குறைவாக விட்டால் கரி முழுசாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவைத் தரும். அது எரியக்கூடிய வாயு. அதைக் குளிர்வித்து, தூசு வடிகட்டி, எஞ்சினுக்குள் அனுப்பினால் வண்டி ஓடும். மதுரை டி.வி.எஸ். நிறுவனம் அந்தக் காலத்தில் இந்த கேஸ் பிளான்ட்டைத் தயாரித்துக் கொடுத்தது.

என் அப்புச்சி அந்த பஸ்ஸில் போனவர். விடியற்காலையில் கிளீனர் பையன் உருளையைத் திறந்து கரி கொட்டி, தீ வைத்து, கைப்பிடி போட்ட காற்றாடியைச் சுற்றிக்கொண்டே இருப்பானாம். அரை மணி நேரம் சுற்றினால்தான் எஞ்சின் உறுமும். ஓட்டுநர் அதுவரை டீ குடித்துக்கொண்டிருப்பார். பெட்ரோலில் கிடைக்கிற வலு இதில் கிடைக்காது. தொப்பூர் கணவாய் வந்தால் "ஆம்பளைங்க எல்லாம் எறங்குங்க" என்று குரல் வரும். ஏறும்வரை நடக்க வேண்டும், சில சமயம் தள்ளவும் வேண்டும். "டிக்கெட்டுக்குக் காசும் கொடுத்து, வண்டியையும் தள்ளினோம்" என்று சிரிப்பார். வேட்டியெல்லாம் கரி. ஊர் வந்து சேர்ந்தால் வீட்டில் யார் என்றே தெரியாதாம், அது கொஞ்சம் மிகைதான்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அன்று கரியைப் பற்றவைத்து அதிலிருந்து கேஸ் எடுத்தார்கள். இன்று என் மாணவன் கேஸைப் பற்றவைத்து அதனால் கரிக்கு நெருப்புக் கொடுக்கலாமா என்று கேட்கிறான். நடுவில் எண்பது வருஷம். அந்த பஸ்ஸை ஓட்டிய வாயு இன்றைய அடுப்பிலும் இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

கரியும் கேஸும் ஒரே அடுப்பில் சந்தித்தது அமெரிக்காவில். வேடிக்கை என்னவென்றால், இரண்டுக்கும் ஃபோர்டு காரோடு சம்பந்தம் உண்டு. அந்தக் காலத்து ஃபோர்டு காரில் மர பாகங்கள் நிறைய. மிச்சிகன் மாநிலத்தில் அயர்ன் மவுண்டன் என்ற ஊரில் ஹென்றி ஃபோர்டு மர ஆலை வைத்திருந்தார். அங்கே மிஞ்சிய மரத்துண்டுகளைக் கரியாக்கி, அழுத்திக் கட்டிகளாக்கி 1920களில் விற்கத் தொடங்கினார். அந்தக் கரிக்கட்டி ஃபோர்டு கார் விற்கும் கடைகளிலேயே விற்றது. பிறகு அதற்கு கிங்ஸ்ஃபோர்டு என்று பெயர் வந்தது. புரோப்பேன் கதை 1910இல். வாங்கிய பெட்ரோல் காரில் போய்ச் சேர்வதற்குள் ஆவியாகிக் குறைந்துவிடுகிறது என்று ஒரு ஃபோர்டு கார்க்காரர் புகார் சொன்னாராம். அதை ஆராய்ந்த வால்டர் ஸ்னெல்லிங் என்ற வேதியியலாளர், ஆவியாகிப் போவதில் புரோப்பேன் இருப்பதைக் கண்டுபிடித்தார்.

இன்று நாம் பார்க்கும் உருண்டை மூடி போட்ட கிரில் 1952இல் வந்தது. சிகாகோ பக்கத்தில் வெபர் பிரதர்ஸ் என்ற உலோகப் பட்டறையில் கடலில் மிதக்கவிடும் மிதவைகள் செய்தார்கள். அங்கே இருந்த ஜார்ஜ் ஸ்டீபன் ஒரு மிதவையைப் பாதியாக வெட்டி, பாதியை அடுப்பாகவும் பாதியை மூடியாகவும் வைத்துக்கொண்டார். கால் மூன்று. குமுட்டிக்கு மூடி போட்டது போலத்தான். பிற்காலத்தில் அதன் அடியில் சின்னதாக ஒரு கேஸ் பர்னரையும் ஒரு பட்டனையும் சேர்த்தார்கள். அதுதான் என் மாணவன் கேட்கும் சாமான்.

பட்டனை அமுக்கினால் "டிக்" என்று பொறி வருகிறதே, அதற்கு பேட்டரி வேண்டியதில்லை. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் உண்டாகும் என்பதை 1880இல் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக்கும் கண்டுபிடித்தார்கள். மேரி கியூரி பாடம் நடத்தும்போது "அவர் கணவரும் பெரிய ஆள்தான்" என்று சொல்வேனே, அந்த பியர்தான். நம் வீட்டு கேஸ் லைட்டரில் பல வகை இதே தத்துவம்தான்.

மிச்சிகனில் என் தம்பி மகன் இருக்கிறான். போன வருஷம் மூன்று மாதம் அங்கே இருந்தேன். அவனிடம் இரண்டு கிரில்: ஒன்று பழையது, யாரோ விற்றதை வாங்கியது, பதினைந்து வருஷத்துக்கு மேல் இருக்கும். இன்னொன்று புதுசு. இரண்டிலும் கரிதான் எரிபொருள், இரண்டிலும் கேஸ் பற்றவைக்க மட்டும். பழையதில் தகடு கனம், மரக் கைப்பிடி, எனாமல் இன்னும் பளபளக்கிறது. ஆனால் பர்னர் குழாய் கரித் தட்டுக்கு நேர் கீழே திறந்து கிடக்கிறது. சாம்பலும் கொழுப்பும் அதன்மேலேயே விழுந்து ஓட்டைகளை அடைக்கும். பாதி ஓட்டையில்தான் நெருப்பு வரும். குளிர்காலம் முழுக்கச் சும்மா கிடந்தால் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டிவிடும் என்றான். நான் நம்பவில்லை, குச்சி விட்டு எடுத்துக் காட்டினான். பட்டன் துருப்பிடித்து வேலை செய்யாது, கடைசியில் நீளத் தீக்குச்சிதான். திருகு பின்பக்கம் இருப்பதால் அடுப்பின்மேல் குனிந்துதான் கேஸைத் திறக்க வேண்டும். சேலை கட்டிக்கொண்டு செய்கிற காரியம் இல்லை.

புதியதில் பர்னருக்கு மேல் ஒரு மறைப்பு இருக்கிறது. திருகும் பட்டனும் முன்பக்கம். சாம்பல் விழ ஒரு வாளி, கழற்றிக் கொட்டிவிடலாம். தகடு மட்டும் மெல்லியது, கைப்பிடி பிளாஸ்டிக். பழையது நிற்கும் காலம் இது நிற்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். "அத்தை, உங்களுக்கு எல்லாமே பழசுதான் பிடிக்கும்" என்றான். இல்லை, பர்னரைப் பொறுத்தவரை புதுசுக்குத்தான் என் ஓட்டு.

கடிகாரம் வைத்துப் பார்த்தேன். கேஸை ஐந்து நிமிஷம் எரியவிட்டு அணைத்துவிட வேண்டும். பிறகு கரி தானாகப் பிடித்து, மேலே வெள்ளை நீறு பூக்கும். மொத்தம் பழையதில் 24 நிமிஷம், புதியதில் 20. ருசியில் ஒரு வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை. கணக்குப் பிரியர்களுக்கு: மணிக்கு 240 கிராம் எரிக்கும் பர்னர் என்றால் ஐந்து நிமிஷத்துக்கு 20 கிராம். அங்கே விற்கும் கைக்கு அடக்கமான சிலிண்டரில் சுமார் 465 கிராம் கேஸ். ஆக 23 தடவை. காலியானதும் அந்த இரும்பு சிலிண்டரைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அதுதான் எனக்கு மனசு கேட்கவில்லை.

அங்கே பக்கத்து வீட்டு அமெரிக்கர் ஒரு நாள் கரி பற்றவைத்தார். கேஸும் இல்லை, எண்ணெயும் இல்லை. அடியில் ஓட்டை போட்ட ஒரு தகரக் குழாயில் கரியைக் கொட்டி, கீழே இரண்டு செய்தித்தாளைக் கசக்கி வைத்துப் பற்றவைத்துவிட்டு, நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். இருபது நிமிஷத்தில் கரி கங்காகிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவின் டால்டா டப்பா! கடையில் விலைக்கு விற்கிறார்களாம். அன்று ராத்திரி என் தங்கைக்குப் போன் போட்டு இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

ஆகவே தம்பி, உன் கடைக்கு என் பதில் இது. பெட்ரோல் இனி அடுப்புப் பக்கமே வரக்கூடாது. சீமெண்ணெயையும் சூடான கரிமேல் ஊற்றக்கூடாது, அது ஆவியாகிக் கையிலிருக்கும் டின்வரை நெருப்பு ஏறும். தினமும் ஐந்தாறு தடவை பற்றவைப்பதாக இருந்தால் கேஸ் பர்னர் வை, பர்னருக்கு மேல் மறைப்பு இருக்கிற வகையாகப் பார்த்து வாங்கு. வீட்டுக்குக் கொடுக்கிற 14.2 கிலோ சிலிண்டரைக் கடையில் மாட்டாதே, அது சட்டப்படி தப்பு. 19 கிலோ வணிக சிலிண்டர் வாங்கு. வெளிநாட்டு கிரில்லை யாராவது மலிவாகக் கொடுத்தால் அதன் ஹோஸை நம் சிலிண்டரில் எதையாவது சுற்றி மாட்டப் பார்க்காதே. மரை வேறு, ரெகுலேட்டர் வேறு. அங்கே சிலிண்டரில் பெரும்பாலும் புரோப்பேன் மட்டும். நம்முடையதில் பியூட்டேனும் கலந்திருக்கும். பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரி குளிரில் ஆவியாகவே மறுக்கும், புரோப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். பனி பெய்யும் ஊர்க்காரர்களுக்கு அது வேண்டும், ஓமலூர் வெயிலுக்கு நம் கலவையே போதும். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் பற்றவைக்கிறாய் என்றால் இந்தச் செலவே வேண்டாம். பட்டறையில் சொல்லி ஒரு தகரக் குழாய் அடித்துக்கொள்.

இப்போது சொல்லவேண்டிய முக்கியமான விஷயம். பட்டன் வைத்த அடுப்பைப் பார்த்ததும் இது கேஸ் அடுப்பு மாதிரி, வீட்டுக்குள்ளும் வைக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கேஸ் ஐந்து நிமிஷம்தான், அதற்குப் பிறகு எரிவது கரி. கரி பஸ்ஸை ஓட்டிய அதே கார்பன் மோனாக்சைடு இந்த அடுப்பிலிருந்தும் வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. கேஸ் கசிந்தால் தெரியட்டும் என்று சிலிண்டரில் நாற்றம் சேர்க்கிறார்கள், இதற்கு அப்படி யாரும் சேர்ப்பதில்லை. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் இதை 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு அசதி, தூக்கம் வருவது போல இருக்கும். படுத்தவர் எழுந்திருக்க மாட்டார். புகை அடங்கி நீறு பூத்த கரிதான் "அணைந்துவிட்டது" என்று ஏமாற்றும், அப்போதும் இந்த வாயு வந்துகொண்டே இருக்கும். கொடைக்கானலில் குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கிய இளைஞர்கள் இறந்த செய்தியை நீங்களும் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். ஏற்காட்டுக்கு நண்பர்களோடு போகிற என் பேரப் பிள்ளைகள் எல்லோரும் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்க வேண்டும். மழை வந்தாலும் கிரில்லை அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ காருக்குள்ளோ கொண்டுபோகக் கூடாது. கறி வீணாகப் போனால் போகட்டும்.

வீட்டில் கரியை ஒழித்தது என்னவோ சிலிண்டர்தான். இந்தியன் ஆயில் 1965இல் கல்கத்தாவில் இண்டேன் இணைப்புக் கொடுக்கத் தொடங்கியது. எங்கள் வீட்டுக்கு அது வந்து சேர எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது பிள்ளை பிறக்க வேண்டியிருந்தது. பல கிராமங்களுக்கு 2006 தேர்தலுக்குப் பிறகு வந்த இலவச கேஸ் அடுப்பும், 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டமும்தான் கொண்டுவந்தன. அடுப்புப் புகையால் உலகத்தில் வருஷத்துக்கு 32 லட்சம் பேர் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்கு. ஊதாங்குழலோடு வளர்ந்தவள் என்பதால் அந்த எண்ணை நான் சாதாரணமாகக் கடந்துபோக முடிவதில்லை.

இஸ்திரிப் பெட்டியிலும் கரி போய்க்கொண்டிருக்கிறது. துணி தேய்ப்பவர்களுக்கு அரசே இப்போது கேஸில் சூடாகும் பெட்டி கொடுக்கிறது. திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர் சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்து, 2021இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேசிவிட்டு வந்தாள். டி.வி.யில் பார்த்தபோது என் வகுப்புப் பிள்ளை பேசுவது போல இருந்தது.

ஆனால் கரி அடுப்பு ஹோட்டல் வழியாகவும் மொட்டை மாடி வழியாகவும் திரும்பி வந்துவிட்டது. அன்று ஏழை வீட்டு அடுப்பு, இன்று விருந்தாளிக்குக் காட்டும் அடுப்பு. அதில் எரியும் கரியில் நிறைய, கமுதி, முதுகுளத்தூர் பக்கம் சீமைக்கருவேல மரத்தை வெட்டிப் போடும் மூட்டத்தில் வருவது. மரத்தை அடுக்கி, வைக்கோல் மூடி, ஈர மண் பூசி, ஒரு வாய் மட்டும் விட்டுத் தீ வைப்பார்கள். பிறகு நாள்கணக்கில் காவல் இருக்க வேண்டும். எங்காவது மண் வெடித்துக் காற்று உள்ளே போனால் கரி முழுக்கச் சாம்பலாகிவிடும். ஆகவே ராத்திரியிலும் எழுந்து புகையின் நிறத்தைப் பார்த்து, வெடித்த இடத்தில் மண்ணை அப்புவார்கள். நாம் பட்டனை அமுக்கித் தப்பித்துக்கொண்ட புகையை அங்கே யாரோ ஒருவர் மொத்தமாகச் சுவாசிக்கிறார். மூட்டைக்கு இருபது ரூபாய் குறைக்கச் சொல்லி கரிக்காரரிடம் நம் கடைக்காரத் தம்பி பேரம் பேசுவான் என்று தெரியும், அதனால்தான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக் குமுட்டி எங்கே போனதென்று தெரியவில்லை. பழைய இரும்புக்காரனிடம் போயிருக்கும். உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள், பேரப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். கரி பஸ்ஸில் போன தாத்தா பாட்டி யாராவது இருந்தால் அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எங்கே இறக்கிவிட்டுத் தள்ளச் சொன்னார்கள் என்பதை மறக்காமல் கேளுங்கள்.